ஒழுங்காக மூடிய குழி!

செல்போன் அலறியது.

வாயில் பாதி தோசையோடு சுகிர்தா திரையை எட்டிப் பார்த்தாள். தம்பி ஜோஷ்வா!

"இன்னாடா, காலங்காத்தால?"

"அக்கா..." ஜோஷ்வாவின் குரல் நடுங்கியது. "நான் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன்."

"ஏன், வண்டியை வுட்டுட்டியா? அடுத்த லோக்கல்ல ஏறிக்கோ."

"போலீஸ் ஸ்டேஷன்க்கா! நான் கொலை பண்ணிட்டேனாம்!"

தோசை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"யாரை?"

"எங்க ஓனரை! ஆதிநாராயணனை! கொன்னு குவாரிக் குழிலயே பொதைச்சிட்டேனாம். சீக்கிரம் வாக்கா... வரசொல்லோ சார்ஜர் எத்தாந்துடு!"

லைன் கட்டானது.

சுகிர்தாவுக்கு முப்பத்தொரு வயது. ஜியாலஜி படித்தவள். குவாரிகளுக்குத் திட்டம் போட்டுத் தருவது அவள் தொழில். எங்கே தோண்டலாம், எத்தனை ஆழம் தோண்டலாம், தோண்டி முடித்த பள்ளத்தை எப்படி மறுபடியும் நிலமாக்கலாம் என்று படம் போட்டுக் கொடுப்பாள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கீழ்செம்பேடு கிராவல் குவாரிக்கும் அவள்தான் திட்டம் போட்டாள். அந்தக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆதிநாராயணன். அங்கே பொக்லைன் ஓட்டுகிறவன் அவளுடைய அருமைத் தம்பி.

ஆக... அக்கா வரைந்து கொடுத்த குழியில், தம்பி தோண்டிய பள்ளத்தில், ஓனர் புதைந்து கிடக்கிறார்!

கைகூடக் கழுவாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஆனால் சார்ஜரை மறக்கவில்லை.

* * *

போலீஸ் ஸ்டேஷன்.

கொலைகாரன் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்!

பக்கத்தில் டிபன் கேரியரோடு நின்றவள் அஞ்சம்மாள். ஐம்பதைத் தாண்டிய, கட்டுமஸ்தான பெண்மணி. குவாரி இருக்கிற நிலம் அவளுடையதுதான். "கிராவல் எடுத்துட்டு, பாதியைக் குளமாவும் பாதியைத் தோப்பாவும் ஆக்கித் திருப்பித் தரணும்" என்ற நிபந்தனையோடு ஆதிநாராயணனுக்குக் குத்தகை விட்டவள். குவாரியை ஒட்டி அவளுடைய நெல் வயலும் கிணறும் இருக்கின்றன. கிணற்றைப் பற்றிப் பேசும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும் அவளுக்கு.

"துன்னு நைனா, துன்னு. இன்னும் ரெண்டு வைக்கட்டா?"

"போதும் யக்கா. கொலை கேஸ்ல இவ்ளோ துன்னா நல்லா இருக்காது."

சுகிர்தா நேராக இன்ஸ்பெக்டர் தணிகாசலத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், என் தம்பி ஒரு கோழியைக்கூடக் கொன்னது இல்ல!"

"கோழி காணோம்னு கம்ப்ளெயின்ட் வரலம்மா. ஆதிநாராயணனைத்தான் காணோம்." தணிகாசலம் மீசையைத் தடவினார். "விடிகாலைல லேண்ட்லைனுக்கு ஒரு போன். அந்தப் பொட்டில நம்பர் கிம்பர் எதுவும் தெரியாது. வாயில துணியை அமுக்கிக்கினு பேசற மாதிரி ஒரு குரலு. 'குவாரி ஆதிநாராயணனைக் கொன்னு அந்தக் குழிலயே பொதைச்சிட்டாங்க'. அவ்ளோதான். கட்!"

"அதுக்கு இவன் என்ன சார் பண்ணுவான்?"

"திங்கக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஆதிநாராயணன் ஆளைக் காணோம். போன் சுவிட்ச் ஆஃப். பைக்கு குவாரி கேட்டாண்ட நிக்குது. ஊட்ல கேட்டா குவாரிக்குத்தான் போனார்ன்றாங்க. அதே திங்கக்கிழமை காலைல உன் தம்பி அவரைப் பாத்து இன்னா சொன்னான்னு அவனையே கேளு!"

"என்னடா சொன்ன?"

ஜோஷ்வா இட்லியை அவசரமாக விழுங்கினான்.

"'உன்ன இதே குழில போட்டு மூடிருவேன்'னேன்..."

"அடப்பாவி!"

"கோவத்துல சொன்னதுக்கா! சர்ச்சுல கூட்டம் நடக்குதுல்ல, 'நீ ரெண்டு நாள் லீவு எடுத்துக்கினு போய்ட்டு வாடா'ன்னு அவரே அனுப்பி வெச்சாரு. திங்கக்கிழமை வந்து பாக்கறேன்... சீட்டு பின்னாடி தள்ளிக் கீது! கண்ணாடி வேற பக்கம் பாக்குது! எவனோ ஒருத்தன் கைல என் வண்டியைக் குடுத்திருக்காருக்கா! மனுசனுக்கு வயிறு எரியுமா எரியாதா? அன்னிலேர்ந்து அந்த வண்டில நான் ஏறவே இல்ல!"

வண்டி ஆதிநாராயணனுடையது. டீசல் ஆதிநாராயணனுடையது. ஆனாலும் பொக்லைன் ஓட்டுகிற எவனிடமும் போய் அது உன் வண்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது!

அஞ்சம்மாள் டிபன் கேரியரை மூடினாள்.

"இந்தப் புள்ள கொலையெல்லாம் பண்ணிருக்க மாட்டான் சார். ஆனா பொணத்தை மட்டும் விடாதீங்க. நல்லா ஆழமா தோண்டிப் பாருங்க. என் நெலம்தான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சுகிர்தாவின் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது. நாளைக்குத் திருவள்ளூரிலிருந்து கனிமத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். குவாரியின் அடுத்த பகுதிக்கு அவள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்க்க. இன்றைக்கு அதே குழியில் பிணம் கிடைத்தால் திட்டமும் போயிற்று, தம்பியும் போய்விட்டான். திட்டம் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். தம்பிக்கு எங்கே போவது?

"நானும் வரேன் சார். அந்தக் குழியோட படம் எனக்கு மனப்பாடம்."

"வாம்மா. கொலைகாரனும் வருவான். இடத்தைக் காட்டணும்ல?"

"தெரியாத இடத்தை எப்படி சார் காட்டுவேன்?" என்றான் ஜோஷ்வா பரிதாபமாக.

* * *

கீழ்செம்பேடு குவாரி.

சிவப்புப் பள்ளம் வெயிலில் காய்ந்து கிடந்தது. கரையில் நின்று பார்த்த சுகிர்தாவுக்கு வழக்கம்போல் ரத்தம் கொதித்தது.

என்னவெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள்! மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து வை, கடைசியில் அதுதான் மேலே போட உதவும் என்றாள். குவித்த மேடு பாதியாகத் தேய்ந்திருந்தது. மீதி மண் எந்தப் பங்களாத் தோட்டத்தில் ரோஜா வளர்க்கிறதோ! பக்கத்து வயல் ஓரமாக ஏழரை மீட்டர் தோண்டாமல் விடு என்றாள். 'ஏழரைன்ற நம்பரே நமக்கு ஆகாது மேடம்' என்று ஆதிநாராயணன் அதை ஐந்தாக்கிவிட்டார். கரையோரம் வேப்பங்கன்று நடு என்றாள். நட்டார். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று திட்டத்தில் எழுதாதது அவள் தப்பு!

ஆனால் ஒரே ஓர் இடம்...

வடகிழக்கு மூலை. அதைப் பார்த்ததும் இந்த நிலைமையிலும் சுகிர்தாவின் முகம் மலர்ந்தது. பள்ளத்தை வயல் மட்டத்துக்கு நிரப்பி, அழுத்தி, மேலே கறுத்த மேல்மண்ணைத் தடிமனாகப் பரப்பியிருந்தார்கள். ஆளுயர வேப்பங்கன்றுகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. ஒவ்வொன்றுக்கும் மூங்கில் குச்சி. சுற்றிப் பச்சை வலை. டேங்கரில் தண்ணீர் விட்ட ஈரம்கூட இன்னும் காயவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆதிநாராயணனே போட்டோ அனுப்பியிருந்தார். 'உங்க பிளான்படி ஃபினிஷ் மேடம்!' அன்றிலிருந்து அவள் செல்போனைத் திறந்தால் அந்தப் படம்தான். நாளைக்கு அதிகாரிகளை நேராக அங்கேதான் கூட்டிக்கொண்டு போக இருந்தாள்.

கான்ஸ்டபிள் செல்வி போலீஸ் நாயை அவிழ்த்துவிட்டாள். டைகர் பள்ளம் முழுக்க ஓடியது. மோந்தது. கரை ஏறியது. வடகிழக்கு மூலைக்குப் போனது. மூக்கை மண்ணில் வைத்தது.

தும்மியது!

இன்னொரு தும்மல். அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டது.

"சார்... டைகர் இப்படித் தும்மி நான் பாத்ததே இல்ல சார்!" என்றாள் செல்வி.

தணிகாசலத்தின் மீசை துடித்தது. "அங்கதான்! பொணம் அங்கதான் கீது! அந்த மூலையைத் தோண்டு!"

"ஐயோ, சார்!" சுகிர்தா அலறிவிட்டாள். "வேற எங்க வேணா தோண்டுங்க. அந்த மூலை வேணாம் சார்! இந்தக் குவாரியிலயே ஒழுங்கா மூடின ஒரே இடம் சார் அது!"

"பொணம் ஒழுங்கான இடத்துல இருக்கக் கூடாதுன்னு உன் பிளான்ல போட்டுக் கீதா?"

"தோண்டுங்க சார்! மரம் போனா போவுது!" என்று கரையிலிருந்து கத்தினாள் அஞ்சம்மாள்.

தோண்டலாம். ஆனால் யார் தோண்டுவது? தோண்டுவதற்காகப் பொன்னேரியிலிருந்து போலீஸ் வரச் சொல்லியிருந்த டிரைவர் 'பொணம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் போனை அணைத்துவிட்டான். கடைசியில் தணிகாசலம் கொலைகாரனைப் பார்த்தார். கொலைகாரன் பொக்லைனைப் பார்த்தான்.

"ஏறு!"

"நானா சார்? நான் பொதைச்சதா சொல்றீங்க. நானே தோண்டி எடுக்கணுமா?"

"வேற எவனைடா இந்த வண்டியைத் தொட விடுவ நீ?"

ஜோஷ்வா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். ஏறினான். முதல் வேலையாக சீட்டை முன்னால் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியது. வேப்பங்கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரம் வைத்தாள் செல்வி. சுகிர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கெட் மேலே எழுந்தது...

"ஆஆஆ... பேய்!"

ஜோஷ்வா சீட்டிலிருந்து எகிறிக் குதித்தான்!

எல்லோரும் அவன் கை காட்டிய பக்கம் திரும்பினார்கள். ரோட்டில் ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது ஓர் உருவம். பளபளவென்று மொட்டைத் தலை. அதில் சந்தனம். தோளில் துண்டு. கையில் ஒரு பை.

ஆதிநாராயணன்!

"இன்னாய்யா கூட்டம் இங்க? யாரைக் கேட்டு என் வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்க?"

தணிகாசலம் வாயைப் பிளந்தார். "நீங்க... செத்துட்டீங்க சார்."

"நானா? எப்போ?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை திருப்பதிக்குப் போனேன்யா! மலையேறசொல்லோ தொந்தரவு கூடாதுன்னு போனை அணைச்சேன். தெரிஞ்சவர் கார்ல சூளூர்பேட்டை வழியா போய்ட்டு இப்பதான் வரேன். இந்தாங்க, லட்டு."

தணிகாசலம் லட்டை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது? கொலையானவரே வந்து லட்டு கொடுத்தால் எந்த செக்‌ஷனில் கேஸ் போடுவது?

"ஊட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா சார்?"

"சொன்னா அவளும் வரேன்னு சொல்லுவாளே!"

ஜோஷ்வா ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டான். சுகிர்தாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தம்பி கொலைகாரன் இல்லை! அப்பாடா! அந்த மொட்டைத் தலையைக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

"கெளம்புங்க, கெளம்புங்க," என்றார் தணிகாசலம் எரிச்சலாக. "எவனோ நம்மளை பேஜாரு பண்ணிட்டான். டைகரைக் கூப்பிடு."

"சார், போயிடாதீங்க சார்! இன்னும் ஒரு பக்கெட்கூடத் தோண்டலையே!" அஞ்சம்மாள் கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

ஆதிநாராயணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "எதுக்குத் தோண்டணும்? அதான் நான் முழுசா நிக்கறேன்ல? குவாரில வேற எங்க வேணா தோண்டிக்குங்க. அந்த மூலையை மட்டும் தொடாதீங்க. அது மேடத்தோட உசுரு! மேடம் மனசு கஷ்டப்படக் கூடாது!"

சுகிர்தா சட்டென்று நிமிர்ந்தாள்.

மேடம் மனசு கஷ்டப்படக் கூடாதா?

இந்த மனுஷனா பேசுவது? ஏழரையை ஐந்தாக்கியபோது வராத கவலை. மேல்மண்ணை விற்றபோது வராத கவலை. ஒரு கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற மனம் வராத ஆள், இந்த மூலைக்கு டேங்கரே வரவழைத்திருக்கிறார்!

போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போன தன் தலையில் நாலு குட்டு வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"சார்... ஒரு நிமிஷம்."

"இன்னாம்மா?"

"இவரு என் திட்டத்துல ஒரு வரியைக்கூட மதிச்சது இல்ல சார். இந்த ஒரு மூலையில மட்டும் ஒரு வரி விடாம எல்லாத்தையும் மதிச்சிருக்காரு. அதுவும் என் தம்பியை லீவுல அனுப்பிட்டு, வேற டிரைவரை வெச்சு, ரெண்டே நாள்ல."

"நல்லதுதானே?"

"இவருன்னா நல்லது இல்ல சார். பயமா இருக்கு. எதையோ மூடத்தான் இவ்வளவு ஒழுங்கா மூடியிருக்காரு."

"மேடம்! நாளைக்கு ஆபீஸருங்க வராங்க!" ஆதிநாராயணனின் மொட்டையில் வியர்வை அரும்பியது. "உங்க பேர் கெட்டுடும்!"

அது உண்மைதான். நாளைக்குக் காட்ட அவளிடம் இருப்பது இந்த மூலை ஒன்றுதான். உள்ளே ஒன்றும் இல்லை என்றால், ஒரே அழகான இடத்தையும் தானே குதறிப்போட்ட பைத்தியம் என்று ஆகிவிடும். சுகிர்தா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

"ஜோஷ்வா! ஏறு. பக்கெட்டை எறக்கு!"

"இன்ஸ்பெக்டர் சார், இது அநியாயம்!" என்று கத்தினார் ஆதிநாராயணன்.

"அநியாயம்தான். அந்தம்மா தோண்டறாங்க, நான் லட்டு துன்றேன்," என்றார் தணிகாசலம். ஆனால் லட்டு வாய்க்குப் போகவில்லை. அவருடைய கண் வேறெங்கோ இருந்தது.

பக்கெட் மெல்ல இறங்கியது. செல்வி எட்டிப் பார்த்தாள். அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். சுகிர்தா மண்டியிட்டே எட்டிப் பார்த்தாள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் பின்னால் நகர்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். பக்கெட் இன்னும் மண்ணைத் தொடவே இல்லை... அதற்குள் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டார்!

"ஆதிநாராயணன் சார்," என்றார் தணிகாசலம் மிக மெதுவாக. "பொணம்னு தேடி வந்தது உங்களை. நீங்களோ சந்தன வாசனையோட இங்க நிக்கறீங்க. அப்ப எந்த நாத்தத்துக்கு இப்பவே மூக்கைப் பொத்தறீங்க?"

ஆதிநாராயணன் துண்டை எடுத்தார். மறுபடி பொத்தினார். எடுத்தார்.

"ஜ... ஜலதோஷம் சார். மொட்டை அடிச்சதுல..."

கிர்ர்ர்ரீச்!

பக்கெட்டின் பற்கள் எதையோ உரசின. மண்ணோடு சேர்ந்து மேலே வந்தது ஒரு நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்! அடுத்த நொடி, கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி குப்பென்று கிளம்பியது. செல்வி இருமினாள். ஜீப்புக்கு அடியில் டைகர் தும்மியது.

"நிறுத்துடா ஜோஷ்வா! அப்படியே நிறுத்து! உடைஞ்சிடப் போகுது!" சுகிர்தா பள்ளத்தில் குனிந்து பார்த்தாள். ஒன்றல்ல. மேல்மண்ணுக்கு அடியில் வரிசையாக நீல முதுகுகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"கெமிக்கல் கழிவு!" அவள் அஞ்சம்மாளின் கிணற்றுப் பக்கம் கையை நீட்டினாள். "இந்த மண்ணு சல்லடை மாதிரி சார். ஒரு மழை போதும், நேரா அந்தக் கெணத்துல போய் நின்னுருக்கும். என் திட்டத்தைப் போர்வையா போத்தி மூடிட்டாரு சார், இந்த ஆளு!"

ஆதிநாராயணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கம்பெனிக்காரன் வந்தான் சார்... 'ஒரே ஒரு மூலை போதும்'னான். நல்ல டப்பு. புத்தி கெட்டுப்போச்சு. அந்தப் பாவத்துக்குத்தான் ஓடிப்போய் மொட்டை போட்டுக்கினு வந்தேன்!"

"முடியை சாமிக்குக் குடுத்துட்ட. அந்தக் கம்பெனிக்காரன் பேரை எனக்குக் குடு," என்றார் தணிகாசலம். "செல்வி, ஏத்து இவரை! பொல்யூஷன் ஆபீஸுக்குப் போன் போடு. அவங்க வர்ற வரைக்கும் எவனும் இதைத் தொடக் கூடாது."

சுகிர்தா ட்ரம்களை மறுபடி ஒரு தடவை கவனமாகப் பார்த்தாள். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. கிணறு தப்பித்தது. நாளைக்கு வரும் அதிகாரிகளுக்கு அழகான மூலையைக் காட்ட முடியாது. ஆனால் இதைக் காட்டலாம். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

ஜீப்பில் ஏறும்போது ஆதிநாராயணன் பல்லைக் கடித்தார். "நான் செத்துட்டேன்னு எவன் சார் போன் பண்ணது? அவன் மட்டும் என் கைல கெடைச்சான்..."

"எனக்கும் அவன்தான்யா வேணும்," என்றார் தணிகாசலம்.

"அவன் இல்ல சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நான்தான்."

தணிகாசலத்தின் கையிலிருந்த லட்டு கீழே விழுந்தது.

"நீயா!"

"இன்னா சார் பண்றது? சனிக்கிழமை ராத்திரி வயலுக்குத் தண்ணி கட்டப் போனேன். லாரி லாரியா ட்ரம்மு எறக்கறாங்க. திங்கக்கிழமை உங்க ஸ்டேஷனுக்கு ஓடியாந்தேன். 'எழுதிக் குடுத்துட்டுப் போம்மா'ன்னாங்க. குடுத்தேன். யாரும் வரல. செவ்வாக்கிழமை மறுபடி வந்தேன். 'மண்ணுக்குள்ள கெடக்குற ட்ரம்முக்கு இன்னாம்மா அவசரம்'னாங்க. பாத்தேன். இவன் ஆளையும் ரெண்டு நாளா காணோம். சரி, கொன்னுடுவோம்னு முடிவு பண்ணேன். போன்லதான்!"

"யக்கா!" ஜோஷ்வா பொக்லைனிலிருந்தே கத்தினான். "நான் உள்ள போய்க் குந்திக்கினு இருந்தேனே!"

"உன்னப் புடிப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது நைனா. மனசே கேக்கல. அதான் ஓடியாந்து நாஷ்டா குடுத்தேன். மன்னிச்சுடுப்பா." அஞ்சம்மாளின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

ஜோஷ்வா உதட்டை நக்கிக்கொண்டான். "சட்னி நல்லாத்தான் இருந்துச்சு," என்றான்.

சுகிர்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தணிகாசலம் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"இந்தாம்மா, போலீஸுக்குப் பொய்த் தகவல் சொன்னா உள்ள வெச்சிடுவோம், தெரியுமா? இனிமே இப்படி ஒரு பொணம்னு போன் பண்ணுவியா?"

"சத்தியமா மாட்டேன் சார்!" அஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடுத்த தபா ரெண்டு பொணம்னு சொல்றேன். இன்னும் வெரசா வருவீங்க!"